குனிந்த தலையும் நிமிர்ந்த ஏடும்



இம்மாதம் எனக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, தென்காசியை அடுத்த ஓர் ஊரிலிருந்து ஒரு தாயார் எழுதியது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அக்கடிதத்தில் மூன்று இடங்களில் கேட்டுக்கொண்டிருக்கின்றார், ஆதலின் வெளியிடவில்லை. அவருடைய மூத்த மகள் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்தின் பணியை வீட்டிலிருந்தபடியே கணிப்பொறியில் செய்து வருகின்றாள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் வேலை இரவு பதினொரு மணி வரை நீள்கின்றது. கட்டிலில் சம்மணமிட்டு அமர்ந்து, மடியில் தலையணையை இட்டு, அதன்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எழுதுகின்றாள். நான்கு மாதங்களாகக் கழுத்து வலி. இப்போது வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் மரத்துப்போகின்றன. சென்ற வாரம் காப்பித் தம்ளர் கைநழுவி விழுந்துவிட்டதாம்.

"சாரல் தொடங்கிவிட்டது. பழைய குற்றாலத்திற்கு அழைத்துச் சென்று மூன்று நாள் அருவியில் கழுத்தைக் காட்டச் சொன்னால் தீருமா, ஐயா?" என்று கேட்கின்றார் அத்தாயார். கடிதத்தின் இறுதியில், சற்றுச் சிறிய எழுத்தில், இன்னொரு செய்தியும் உள்ளது. மகளை மருத்துவரிடம் காட்டவில்லை. வரன் பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள், கழுத்து நோய்க்காரி என்று பெயர் வந்துவிட்டால் நல்ல இடம் தவறிவிடுமே என்ற அச்சம்.

அருவியைப் பற்றிப் பிறகு சொல்வேன். முதலில் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நான் மருத்துவன் அல்லன். ஆயினும் இந்த நோயைப் படித்து அறிந்ததைவிடப் பட்டு அறிந்தது மிகுதி.

எங்கள் பங்கில் பழைய திருமுழுக்கு ஏடுகளும் திருமண ஏடுகளும் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973-ஆம் ஆண்டில் அமைக்கப்படுவதற்கு முன்பு, இவ்வட்டாரத்துப் பங்குகள் மதுரை உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தன என்பதை மூத்தோர் அறிவர். அக்காலத்து ஏடுகளும், அதற்கும் முற்பட்ட இலத்தீன் ஏடுகளும் அப்பெட்டியில் உண்டு. சில தாள்களைத் தொட்டால் உதிர்கின்றன. சிலவற்றில் பழைய மை தாளையே அரித்து எழுத்தின் வடிவில் ஓட்டையிட்டிருக்கின்றது. வெளிநாட்டில் வாழும் பேரப்பிள்ளைகள் திருமுழுக்குச் சான்று கேட்டு எழுதும்போதெல்லாம் அந்தத் தாள்களைப் புரட்ட வேண்டியிருந்தது. பங்குத் தந்தை என்னை அழைத்து, "ஓய்வாகத்தானே இருக்கின்றீர்கள், இவற்றைக் கணிப்பொறியில் ஏற்றித் தாருங்கள்" என்றார். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

வேலை செய்த முறையைக் கேளுங்கள். சாப்பாட்டு மேசையின்மீது மடிக்கணினி. அதன் இடப்பக்கத்தில், மேசையோடு மேசையாகப் படுத்துக் கிடக்கும் பெரிய ஏடு. ஒரு பெயரைப் படிக்கத் தலையை இடப்பக்கம் திருப்பிக் குனிவேன். மங்கிய எழுத்து ஆகையால் இன்னும் நெருங்கிக் குனிவேன். பின்பு விசைப்பலகையைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டுவேன். பின்பு திரையைப் பார்ப்பேன். குழந்தை, தந்தை, தாய், ஞானத்தந்தை, ஞானத்தாய், நாள், குருவானவர் என ஒரு பதிவிற்குக் குறைந்தது பத்து முறை தலை இவ்வாறு போய்வரும். நாளொன்றுக்கு நாற்பது பதிவுகள். எத்தனை முறை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எழுதும் ஆர்வத்தில் மணிக்கணக்கில் எழுந்திருக்கவும் மாட்டேன். தொண்டு என்ற எண்ணம் வேறு. வலித்தாலும் ஒப்புக்கொடுத்துவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் வாரத்தில் வலி வந்தது. மின்விசிறிக் காற்று என்றேன், தலையணை என்றேன், தைலம் தேய்த்தேன். ஆறாம் வாரத்தில் ஒருநாள் நள்ளிரவு இடக்கை முழுதும் இழுத்துப் பிடித்தது. மாரடைப்பு என்றே நினைத்தோம். என் துணைவியார் அண்டை வீட்டாரை எழுப்பி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். இதயத்தில் குறையில்லை, கழுத்து நரம்பின் குற்றம் என்று விடியும்போது தெரிந்தது. 'இதற்கா இத்தனை அமர்க்களம்' என்று பிற்பாடு வீட்டில் சிரித்தோம். ஆனால் சென்றது சரிதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்லுகின்றேன். இடக்கை வலியோடு மார்பில் அழுத்தமோ, வியர்வையோ, மூச்சுத் திணறலோ இருந்தால், அது கழுத்தா இதயமா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய்தல் கூடாது. உடனே புறப்பட வேண்டும்.

அங்கிருந்த இயன்முறை மருத்துவர் இளம்பெண். மருந்துச் சீட்டை நீட்டுவதற்கு முன், "எப்படி உட்கார்ந்து எழுதுகின்றீர்கள் என்று நடித்துக் காட்டுங்கள், ஐயா" என்றார். மேசையில் ஒரு நோட்டை ஏடாகவும், ஒரு கோப்பைக் கணிப்பொறியாகவும் வைத்து நடித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தம் கைப்பேசியில் என்னைப் பக்கவாட்டில் படம் எடுத்துக் காட்டினார். தண்ணீர் குடிக்கும் கொக்கைப்போல் இருந்தேன்.

நம் கழுத்தில் ஏழு எலும்புகள் உள்ளன. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் ஏழுதான். தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. தலை நேராக நிற்கும்போது அந்த எடையை எலும்புக் கோவையே தாங்கிக்கொள்ளும். தலை முன்னே சாயச் சாய, அது விழாதபடி பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டியதாகின்றது. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் 2014-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார். தலை 15 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் விழும் பாரம் 12 கிலோ, 30 பாகைக்கு 18 கிலோ, 60 பாகைக்கு 27 கிலோ என்பது அக்கணக்கு. உயிருள்ள மனிதரின் கழுத்தில் கருவி வைத்து அளந்ததன்று. கணக்கிட்டுப் பெற்ற மதிப்பு. ஆகையால் அந்த எண்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் நாம் வாங்கும் அரிசிச் சிப்பம் 25 கிலோ என்பதை நினைத்துக்கொண்டால், மடியிலுள்ள கணிப்பொறியை ஒன்பது மணிநேரம் குனிந்து பார்க்கும் பெண்ணின் கழுத்து எதைச் சுமக்கின்றது என்பது ஒருவாறு விளங்கும். குடத்தைத் தலையில் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்த நம் பாட்டிமார் கழுத்தை நிமிர்த்தியே நடந்தனர். சுமை எவ்வளவு என்பதோடு, அது எங்கே நிற்கின்றது என்பதும் பெரிது.

குனிதல் ஒரு பாதி, அசையாதிருத்தல் மறுபாதி. வயலில் நாற்று நடுகின்றவரும் குனிகின்றார். ஆனால் அவர் கையும் காலும் இடுப்பும் அசைந்துகொண்டே இருக்கின்றன. எழுதுகின்றவருக்கு விரல்நுனி மட்டுமே அசைகின்றது. ஏனைய உடல் முழுதும் அவ்விரலுக்குக் காவல் நிற்பதுபோல் இறுகிக் கிடக்கின்றது. இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டம் குறையும். வலி அங்கே பிறக்கும். இது இன்று நேற்று அறிந்த செய்தியன்று. தொழில் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவான நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தீனோ ரமட்சீனி, 1713-இல் அந்நூலை விரித்து வெளியிட்டபோது எழுத்தர்களுக்கென ஓர் அதிகாரம் சேர்த்தார். ஓயாது அமர்ந்திருத்தல், ஓயாது கையை ஒரே விதமாக அசைத்தல், பிழை நேருமோ என்ற மனக்கவலை ஆகிய மூன்றையும் காரணமாகக் காட்டினார். வலக்கை செயலிழந்த ஓர் எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகினார் என்றும், சில காலத்தில் அந்தக் கைக்கும் அதே கதி வந்தது என்றும் குறித்து வைத்திருக்கின்றார். மூன்றாவது காரணத்தை நாம் மறந்துவிடுகின்றோம். மேலாளர் எப்போது அழைப்பாரோ என்று காத்திருக்கும் பெண்ணின் தோள்கள் காதுவரை ஏறி நிற்பதை நீங்கள் பார்த்ததில்லையா?

ஓலையில் எழுதிய நம் முன்னோர் இவ்விஷயத்தில் நம்மைவிடப் பாக்கியசாலிகள். ஏட்டை இடக்கையில் பிடித்து எழுதினார்கள்; கண்ணுக்கு வேண்டிய இடத்திற்கு ஏட்டை உயர்த்திக்கொள்ளலாம். ஐரோப்பிய மடங்களில் விவிலியத்தைப் படியெடுத்த துறவியர் சாய்ந்த பலகையின்மீது தோலை விரித்து எழுதினர். நம் கணக்குப்பிள்ளைமார் தரையில் அமர்ந்தாலும், அவர்கள் முன் சரிந்த மூடியுள்ள சாய்மேசை இருந்தது. எழுத்து எழுதுகின்றவனை நோக்கிச் சற்று எழுந்து வர வேண்டும் என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர்.

இதைச் சிந்தித்தபோதுதான் எங்கள் கோயில் சாமான் அறையில், பழைய மெழுகுதிரித் தண்டுகளுக்கும் கிறிஸ்து பிறப்புக் குடிலின் ஆடுமாடுகளுக்கும் இடையே, ஒரு கணக்குப்பிள்ளைச் சாய்மேசை கிடப்பது நினைவுக்கு வந்தது. துடைத்து எடுத்து வந்து சாப்பாட்டு மேசையின்மேல் வைத்தேன். ஏடு அதன்மீது நிமிர்ந்து நின்றது, என் கண்ணை நோக்கி. மடிக்கணினியைத் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திற்கு வருமளவு உயர்த்தினேன். அதற்கு அடியில் வைக்கப் பழைய தொலைபேசி விவரக் கையேடுகள் மிகவும் பயன்பட்டன. இருபது ஆண்டுகளுக்குப் பின் அவற்றிற்கு ஒரு வேலை கிடைத்தது.

இங்கே மடிக்கணினியின் குறையொன்றைச் சொல்லியாக வேண்டும். திரையும் விசைப்பலகையும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், கண்ணுக்கு ஏற்ப உயர்த்தினால் கை உயரும். கைக்கு ஏற்பத் தாழ்த்தினால் கழுத்து தாழும். இரண்டையும் ஒருங்கே சரிசெய்ய இயலாது. தனி விசைப்பலகை ஒன்று வாங்கி இணைத்தல் ஒன்றே வழி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை முழங்கை உடலை ஒட்டிச் செங்கோணமாக மடியும் உயரத்தில் வைத்து, திரையை ஒரு கை நீட்டும் தொலைவில் நிறுத்தினால் வேலை பாதி முடிந்தது. நாற்காலி உயரமாக இருந்து கால் தொங்கினால், காலுக்கு ஒரு மணைப்பலகை. முதுகின் பள்ளத்திற்கு மடித்த துவாலை. இவற்றிற்காக விலையுயர்ந்த சுழல் நாற்காலி வாங்கிக் கடன்பட வேண்டியதில்லை.

பைஃபோகல் என்னும் இருபார்வைக் கண்ணாடி அணிந்தவர்களுக்கு மட்டும் வேறு விதி. அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியே படிக்க வேண்டியிருப்பதால், திரை உயர்ந்திருந்தால் மோவாயைத் தூக்கிக் கழுத்தைப் பின்னுக்கு மடிப்பார்கள். அதுவும் தீங்கே. அவர்கள் திரையைச் சற்றுத் தாழ்த்தி வைக்கலாம், அல்லது கணிப்பொறித் தொலைவுக்கென்றே ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். எனக்கு இது தெரிய ஒரு மாதம் ஆயிற்று. கையேடுகளில் இரண்டை மீண்டும் உருவி எடுத்தேன்.

இன்னொரு பாடம் என் இளமையிலிருந்து திரும்பி வந்தது. பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தோமே, நினைவிருக்கின்றதா? பயிற்சி நூலை ஒரு தாங்கியில் நிமிர்த்தி வைத்திருப்பார்கள். விசைக்கட்டையைக் குனிந்து பார்த்தால் ஆசிரியரின் அளவுகோல் மேசையில் படார் என்று விழும். கண் நூலின்மீது, விரல் கட்டையின்மீது. வேகத்திற்காகத்தான் அவ்வாறு கற்பித்தார்கள் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். கழுத்தையும் அது காத்தது என்பது அறுபது வயதில் விளங்கியது. அன்றியும், பழைய தட்டச்சுப் பொறி தானே நமக்கு ஓய்வு தந்தது. ஒவ்வொரு வரியின் இறுதியிலும் மணி ஒலிக்கும். கையை நீட்டி உருளையைத் தள்ள வேண்டும். ஒரு பக்கம் முடிந்தால் தாளை உருவிப் புதுத் தாள் ஏற்ற வேண்டும். கணிப்பொறியில் வரி தானே மடிகின்றது. பக்கம் தானே பிறக்கின்றது. நிறுத்துவாரில்லை.

தமிழில் எழுதுகின்றவர்களுக்கு இதில் தனியொரு தொல்லை உண்டு. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசை அமைப்பு வகுத்த காலத்தில், அதைப் பயின்றவர்கள் பாராமலே அடித்தார்கள். இன்று ஆங்கில விசையில் ஒலிபெயர்த்துத் தமிழ் எழுதுகின்ற நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டு விரலால், கட்டையைப் பார்த்தே தட்டுகின்றனர். ஒவ்வொரு சொல்லுக்கும் தலை கீழும் மேலும் சென்று வருகின்றது. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரிக்கப்பட்டுள்ளன. நாள்தோறும் அரைமணி வீதம் பழகினால் சில வாரங்களில் விரல் தானே இடமறியும். மறைக்கல்வி வகுப்பிற்குப் பாடம் தயாரிக்கும் ஆசிரியர்களும், பங்குச் செய்தி மடல் அச்சிடும் இளைஞர்களும் இதைப் பழகினால் நன்று. கழுத்துவலிக்கு மருந்தாக இதை எந்த மருந்துக்கடையும் விற்காது.

ஓய்வைப் பற்றி. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடம் நடந்தால் போதும் என்றார் அந்த இயன்முறை மருத்துவர். நல்லதுதான், ஆனால் எழுத்தில் மூழ்கியவனுக்கு அரைமணி எது, இரண்டு மணி எது? எங்கள் பங்கில் இன்றும் நண்பகல் பன்னிரண்டுக்கு மூவேளைச் செப மணி அடிக்கின்றது. மணியோசை கேட்டதும் உழவர்கள் கருவியை நிலத்தில் ஊன்றிவிட்டு நின்று செபிப்பதைப் பிரெஞ்சு ஓவியர் மிய்யே ஓவியமாகத் தீட்டியிருக்கின்றார். நம் இல்லங்கள் சிலவற்றில் அதன் அச்சுப்படி மாட்டியிருந்ததைக் கண்டிருக்கின்றேன். அம்மணியைக் கேட்டு எழுந்திருக்கத் தொடங்கினேன். ஆயினும் மூவேளை போதாது. ஆகவே தண்ணீர்க் குவளையை மேசையில் வைக்காமல் அடுக்களையில் வைத்தேன். தாகம் எழுப்பிவிடும். குவளை சிறிதாக இருப்பது இன்னும் நல்லது.

பயிற்சிகள் சிலவற்றையும் அவர் கற்பித்தார். நேராக அமர்ந்து, எதிரே நோக்கியபடி, மோவாயை உள்ளுக்கு இழுத்துப் பின்னந்தலையைச் சுவரில் ஒட்டுவதுபோல் ஐந்து எண்ணும் வரை வைத்திருப்பது; தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகில் ஒன்றோடொன்று நெருக்குவது; நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையால் மெல்லத் தள்ளி, தலை நகராதபடி கையால் தடுப்பது. பத்துப் பத்து முறை, நாளுக்கு இருவேளை. கையில் மரப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் இவற்றையும் தொடங்க வேண்டாம். கழுத்துப் பட்டையை மருத்துவர் கூறிய நாளுக்குமேல் அணிந்துகொண்டே இருந்தால் தசை மேலும் தளரும். நாற்பது வயதிற்குமேல் எக்ஸ்-கதிர்ப் படத்தில் 'தேய்மானம்' என்று வந்தால் அஞ்சி நடுங்கவும் வேண்டாம்; வலியே இல்லாத பலருடைய படத்திலும் அது இருக்கும்.

இனி அருவிக்கு வருவோம். நானும் போனேன். இயன்முறை மருத்துவரிடம் செல்வதற்கு முன்பே, தைலம் பலிக்காதபோது, ஒரு சனிக்கிழமை விடியலில் பேரருவிக்குச் சென்று வரிசையில் நின்று கழுத்தைக் காட்டினேன். சுகமாகத்தான் இருந்தது, அன்று முழுதும் வலியே இல்லை. குளிர்நீரின் தாக்குதலில் தோல் மரத்து, வலியுணர்ச்சி மழுங்குகின்றது. இறுகிய தசை சற்றே தளர்கின்றது. அன்றியும், குற்றாலம் போன நாளில் கணிப்பொறியைத் தொடவில்லை; நடந்தேன், படியேறினேன், மரங்களை அண்ணாந்து பார்த்தேன். அருவிக்குக் கொடுத்த பெருமையில் பாதி இவற்றைச் சேரும். திங்கட்கிழமை மீண்டும் ஏட்டின் முன் குனிந்தேன்; செவ்வாயன்று வலி பழைய இடத்தில் இருந்தது.

பேரருவியின் நீர் பொங்குமாகடலில் விழுந்து வேகம் தணிந்தே நம்மீது வருகின்றது. அப்படியும் பெருக்கெடுக்கும் நாளில் தலையைக் கொடுக்க இயலாது. நீரோடு கல்லும் கொப்பும் வருவதுண்டு. தசைவலி மட்டும் உள்ளவர் மிதமான நீரில் தோளைக் காட்டி நின்று வரட்டும். விரல் மரத்தவர், கைவலு குறைந்தவர் கழுத்தில் அருவியை வாங்கக் கூடாது. நசுங்கிய நரம்பின்மேல் சம்மட்டி அடித்தாற்போலாகும்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவோர் பலர் உள்ளனர். தேய்க்கட்டும், தவறில்லை. ஆனால் முடிவில் மோவாயையும் பின்னந்தலையையும் பிடித்து 'மடக்' என்று கழுத்தைத் திருகிச் சொடக்கெடுக்க வந்தால், கையெடுத்துக் கும்பிட்டு எழுந்துவிடுங்கள். முடிதிருத்தகத்திலும் அவ்வாறே. 2017-இல் தில்லியைச் சார்ந்த ஒருவருக்கு முடிதிருத்துபவர் கழுத்தைச் சொடக்கியதில், மூச்சை இயக்கும் உதரவிதானத்திற்குச் செல்லும் நரம்பு பழுதுபட்டு மூச்சுத் திணறிய செய்தி நாளிதழ்களில் வந்தது. கழுத்தெலும்பின் ஊடே மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்களும் உள்ளன என்பதை மறக்கலாகாது.

அம்மா, இனி உங்களுக்கு. பெருவிரலும் சுட்டுவிரலும் மரத்துப்போதல் கழுத்தில் ஆறாம் நரம்பின் வேர் நசுங்குவதாலும் வரலாம். மணிக்கட்டில் இன்னொரு நரம்பு நெருக்குண்டாலும் வரலாம். இரண்டிற்கும் சிகிச்சை வேறு. கைகளைத் தொட்டும் தட்டியும் வலுவைச் சோதித்தும் பார்க்கின்ற மருத்துவரே இதைப் பிரித்தறிய முடியும். நானும் நீங்களும் அருவியும் அறிய முடியாது. தம்ளர் கைநழுவியது தற்செயலாகவும் இருக்கலாம். கைவலு குறைந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். அந்த ஐயம் இருக்கும்போது நான்கு மாதம் ஐந்தாகக் கூடாது. தென்காசியில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை உள்ளது. அங்கே செல்வதற்குப் பொருட்செலவும் பெரிதில்லை. இதற்கிடையில் நடை தடுமாறினாலோ, இரு கைகளும் மரத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமற் போனாலோ ஒரு நாளும் தாமதியாதீர்கள்.

வரனைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பெண்ணைப் பெற்றவர்களின் அச்சத்தை ஊரும் உறவும் சேர்ந்து எப்படி வளர்க்கின்றன என்பதை நானும் இரு பெண்களைக் கரையேற்றியபோது கண்டேன். ஆனால் இது பரம்பரை நோயன்று. ஒளிக்க வேண்டிய நோயுமன்று. பெரும்பாலோர்க்கு அறுவையின்றியே, சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் தணிகின்றது. மருத்துவரிடம் போகாமல் ஒளித்து வைத்து, திருமணமான மூன்றாம் மாதம் புகுந்த வீட்டில் மாவு பிசைய முடியாமல் அவள் கைகுலைந்து நிற்பாளாயின், அப்போது எழும் பேச்சை நினைத்துப் பாருங்கள். உழைத்ததனால் வந்த வலி இது. அவள் சம்பாத்தியத்தில்தான் தம்பியின் படிப்பு நடக்கின்றது என்றும் நீங்களே எழுதியிருக்கின்றீர்கள். இதைப் பெண் பார்க்க வரும் வீட்டாரிடம் நேராகவே சொல்லலாம். கேட்டு முகஞ்சுளிக்கும் வீடானால், அந்த வீட்டைப் பற்றி நமக்கும் ஒரு செய்தி கிடைத்ததாகும்.

தென்காசிச் சீமையில் இனி இது ஒரு வீட்டுக் கதையாக இராது. மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்தபின், கணிப்பொறி எழுதுவது இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தொலைதூர நகரத்துத் தொழிலாக இல்லாமற் போயிற்று. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் திரும்பிய பிள்ளைகளும் வீட்டுத் திண்ணையிலும் கட்டிலிலும் அமர்ந்தே எழுதத் தொடங்கினர். அலுவலகத்தில் மேசையும் நாற்காலியும் கிடைக்கும். வீட்டில் அவற்றைத் தாய் தகப்பன்தான் அமைத்துத் தர வேண்டும். பீடிச் சுற்றும் பெண்கள் முறத்தின்மேல் குனிந்து குனிந்து கழுத்தும் முதுகும் நொந்ததை இவ்வட்டாரத்தார் தலைமுறைகளாகப் பார்த்திருக்கின்றோம். அவர்களுக்கு ஒரு மேசை செய்துகொடுக்க நமக்குத் தோன்றவில்லை.

கட்டிலிலிருந்து மகளை எழுப்பி ஒரு மேசைக்குக் கொண்டுவாருங்கள், அம்மா. மேசை இல்லையேல் தையற்பொறியின் மூடியே போதும். தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக் கொடுக்கும்படி அவள் தம்பியிடம் சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்குக் குடும்பச் செபமாலைக்கு அவளையும் அழைக்கின்றீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். வேலையின் நடுவே வர இயலவில்லையே என்று வருந்தியுமிருந்தீர்கள். முழுவதற்கும் வராவிட்டாலும் ஒரு பத்து மணிக்காவது எழுந்து வரட்டும். முழந்தாளிட வேண்டாம், நின்றுகொண்டே சொல்லட்டும்.

மருத்துவர் பார்த்து, அருவிக்குப் போகலாம் என்று சொன்னபின், எல்லாருமாகப் போய் வாருங்கள். சாரல் ஆகஸ்டு வரை இருக்கும். மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதையும் வெளியிட மாட்டேன்.

எங்கள் பங்கின் ஏடுகளில் இன்னும் மூன்று எஞ்சியுள்ளன. சாய்மேசையின் மூடியில் ஒரு கீல் மட்டும் கழன்றுவிட்டது, தச்சரிடம் சொல்லியிருக்கின்றேன்.